சாய்ந்த ஓடத்தின் மேல்

கேன்டர்பரி சமவெளியில் வண்டியை நிறுத்தி, ரசமட்டத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் குமிழி மெல்ல மேற்கே ஒதுங்கும். கண் அதை ஒப்புக்கொள்ளாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரே மட்டமான புல்வெளியும், காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட மரங்களும், மேயும் மாடுகளும்தான். ஆனால் நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கும் இந்தச் சமவெளி, மலையடிவாரத்தில் 300, 400 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 50, 60 கிலோமீட்டர் இறங்கிக் கடலில் முடிகிறது. கிலோமீட்டருக்கு 6, 7 மீட்டர் சரிவு. பனியாறுகள் அரைத்துத் தள்ளிய சரளையை ராக்காயா, ரங்கிடாட்டா போன்ற ஆறுகள் அள்ளி வந்து விசிறி விசிறியாகப் பரப்பியதால் உண்டான நிலம் இது. நெடுஞ்சாலை ராக்காயாவைக் கடக்கும் பாலம் ஏறத்தாழ 1.75 கிலோமீட்டர் நீளம். பாலத்துக்குக் கீழே தண்ணீரைவிடக் கல்தான் அதிகம். ஆறு இன்னும் வேலையை முடிக்கவில்லை.

குமிழியைக் காட்டி இதையெல்லாம் சொன்னவர் என் கொழுந்தன். கிறைஸ்ட்சர்ச்சில் சிவில் இன்ஜினீயர். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த ஊரைத் திரும்பக் கட்டப் பல தேசங்களிலிருந்து ஆட்கள் வந்தபோது இவரும் வந்தார். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் போய் இறங்கியதும், ஓட்டல், லாட்ஜ் எதுவும் வேண்டாம், கேம்பர்வேன் எடுத்துத் தீவை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்றார். வண்டியை வாடகைக்கு எடுத்த இடத்தில் பாத்திரம், போர்வை, கேஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். கடைசியாக, பின்பக்கப் பெட்டியிலிருந்து படிபடியாக ஏறும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஆப்புகள் இரண்டை எடுத்துக் காட்டிவிட்டு, "ரேம்ப்" என்று மட்டும் சொல்லி உள்ளே வைத்தார்கள். கொழுந்தன் தன் வேலைப் பையிலிருந்து ஓர் அடி ரசமட்டம் கொண்டுவந்திருந்தார். அன்று இரவு டெக்காப்போ ஏரிக்கரையில்தான் அந்த இரண்டுக்கும் உள்ள உறவு எனக்குப் புரிந்தது.

டெக்காப்போவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். 1935-இல் கட்டிய கல் தேவாலயம், பனியாறு அரைத்த கல்மாவு கலந்ததால் வந்த அந்த நம்பமுடியாத நீலம், 2012 முதல் இருள்வானக் காப்பகமாக இருக்கும் வானம். நான் அங்கே அதிகம் பார்த்தது சக்கரங்களை.

வண்டி ஏழு மீட்டர் நீளம், ஃபியட் டுகாட்டோ அடிச்சட்டத்தில் கட்டியது. முகாமில் எங்களுக்குக் கொடுத்த இடம் ஏரியைப் பார்த்துச் சரிந்திருந்தது. "நிறுத்தினா போச்சு, இதுல என்ன" என்றார் என் வீட்டுக்காரர். கொழுந்தன் எதுவும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டார். எண்ணெய் முழுக்க ஒரு ஓரத்துக்குப் போய் நின்றது. கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடையில் வாங்கிய மாவை நான் ஊற்றியபோது அதுவும் அதே திசையில் போனது. ஒரு பக்கம் ஊத்தப்பம், மறுபக்கம் அப்பளம். "இப்ப சொல்லுங்க அண்ணே, படுத்தா என்ன ஆகும்?"

படுத்தால் என்ன ஆகும் என்பதைக் கால் நீட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தலை தாழ்ந்தால் விடியும்போது மண்டை கனக்கும். பக்கவாட்டில் சரிந்தால் இரவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை ஒரு மூலையில் இருக்கும். தண்ணீர் எதிர் மூலையில் தேங்கும். அலமாரிக் கதவு தானே திறக்கும், தானே மூடும். தண்ணீர்த் தொட்டியின் அளவுகாட்டி பாதி இருக்கும்போது முழுசு என்று பொய் சொல்லும். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்காதது ஃபிரிட்ஜ்.

அந்த வண்டியில் இருந்தது கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். அடியில் ஒரு சின்ன நெருப்பு எரிந்து மேலே ஐஸ் கட்டும் விசித்திரத்தை, பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் மூன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் 1922-இல் ஸ்டாக்ஹோமில் கண்டுபிடித்தார்கள். அதில் கம்ப்ரசர் இல்லை, மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை. அம்மோனியா கலந்த நீரை நெருப்பு சுடவைக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகும். ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் திரும்ப ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு நீரில் கரைந்து, குழாயின் வாட்டத்தில் வழிந்து மறுபடி நெருப்புக்கு வரும். கடைசியில் சொன்ன அந்த வழிதலுக்குப் பம்ப் கிடையாது. வாட்டம் மட்டுமே. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் எங்கோ வளைவில் தேங்கி, கொதிகலம் காய்ந்து போகும். வண்டி ஓடும்போது குலுங்குவதால் தேக்கம் நிற்காது. நிறுத்தி வைத்த வண்டியில்தான் ஆபத்து. பழைய ஃபிரிட்ஜ்களுக்குப் பக்கவாட்டில் சுமார் 3 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பார்கள். இப்போது வரும் பல வண்டிகளில் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்துவிடுகிறார்கள். அதற்கு இந்த நாசூக்கு இல்லை.

ரசமட்டத்தைக் கட்டில் மேலோ மடிக்கிற மேசை மேலோ வைக்காமல் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்தார் கொழுந்தன். முதலில் பக்கவாட்டு, அப்புறம்தான் நீளவாட்டு. கணக்கும் சொன்னார். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 1.8 மீட்டர், 2 டிகிரி சாய்வை நிமிர்த்த 6 சென்டிமீட்டர் தூக்கினால் போதும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 4 மீட்டர். அதே 2 டிகிரிக்கு 14 சென்டிமீட்டர் வேண்டும். எங்கள் ரேம்பின் மேல்படியே 10 சென்டிமீட்டர்தான். ஆகவே பக்கவாட்டுச் சரிவைத் தூக்கிச் சரிசெய்யலாம்; நீளவாட்டில் பெரிய சரிவு என்றால் வண்டியைத் திருப்பி நிறுத்துவதுதான் வழி. ஏரி ஜன்னலில் தெரிய வேண்டும் என்ற என் ஆசை அதோடு போயிற்று. எங்கள் படுக்கையறை ஜன்னல் பக்கத்து வண்டியின் கழிவுநீர்க் குழாயைப் பார்த்து நின்றது.

ரேம்பைத் தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் போட்டு, மேலே ஏற்ற வேண்டும். கொழுந்தன் ஸ்டீயரிங்கில், இவர் முன்னால், நான் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு. "வரலாம், வரலாம்... இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்!" கிளட்சை ஒரு பொட்டு அதிகம் விட்டால் வண்டி ரேம்பைத் தாண்டிக் குதித்துவிடும். குறைவாக விட்டால் ஏறாமல் ரேம்ப் சறுக்கி முன்னால் ஓடும். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் பதற்றம் எனக்கு அன்றுதான் புரிந்தது. சக்கரமும் கட்டையும் கையும் ஒரே நொடியில் ஒத்துப்போக வேண்டும். ஏறி நின்றதும் ஹேண்ட்பிரேக், முதல் கியர், சக்கரத்துக்குப் பின்னால் கட்டை. இந்த மூன்றும் போட்ட பிறகே யாரும் வண்டிக்குக் கீழே குனியலாம் என்பது அவர் சட்டம்.

அமெரிக்காவில் பஸ் அளவு மோட்டார்ஹோம்களில் பட்டனை அழுத்தினால் நான்கு ஹைட்ராலிக் கால்கள் இறங்கி வண்டியைத் தானே மட்டமாக்கிவிடும். அதிலும் ஒரு பொறி உண்டு. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரம் தரையை விட்டுவிட்டால் பிரேக் எதையும் பிடிக்கவில்லை என்று பொருள். அத்தனை டன் எடையும் நான்கு குச்சிக்கால்களில் நிற்கும். பட்டன் வேலை செய்கிறது என்பதற்காகச் சரிவான இடத்தில் நிறுத்துகிறவர்களைக் கண்டால் கொழுந்தனுக்குக் கோபம் வரும். மட்டமான இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் கருவி என்பார்.

மட்டமாக நிற்பது வேறு, ஆடாமல் நிற்பது வேறு என்பதை மறுநாள் புக்காக்கி ஏரிக்கரை சொல்லிக்கொடுத்தது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலையில் மோதி, மழையை மேற்குக் கரையிலேயே கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி இந்தப் பக்கம் இறங்கும். நார்வெஸ்டர் என்கிறார்கள். சாயங்காலம் மலைக்கு மேலே வளைவாக ஒரு மேகம் கட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். கொழுந்தன் படம் எடுக்கவில்லை. வெளியே போட்டிருந்த நாற்காலிகளை மடித்துவைத்துவிட்டு, வண்டியின் மூக்கை மலைப்பக்கம் திருப்பினார்.

எங்கள் வண்டியின் பக்கச்சுவர் ஏழு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அதில் நேராக மோதினால் 800 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. மூன்றரை டன் வண்டி அதற்குக் கவிழாது. ஆனால் வண்டி தரையில் உட்காரவில்லையே. டயரின் காற்று மேல், ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு ஆட்டம், மீண்டு ஒரு ஆட்டம். மூக்கைக் காற்றுக்குக் கொடுத்தால் அகலம் இரண்டே கால் மீட்டர்தான். தள்ளு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் நான்கு மூலையிலும் மடக்குக் கால்களை இறக்கிக்கொள்வார்கள். அந்தக் கால்கள் வண்டியைத் தூக்குவதற்கு அல்ல, தரையை லேசாக அழுத்தி ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வாங்கிக்கொள்வதற்கு மட்டும். தூக்கினால் காலும் வளையும், அடிச்சட்டமும் முறுக்கும். முதலில் ரேம்பில் மட்டம், பிறகு காலில் உறுதி. வரிசை மாறக் கூடாது. எங்கள் வாடகை வண்டியில் கால்களே இல்லை. இரவு முழுக்க இவர் புரண்டு படுத்தாரா, காற்று அடித்ததா என்று பிரித்தறிய முடியாமல் கிடந்தேன்.

புக்காக்கியிலிருந்து மலைக்குப் போகும் 55 கிலோமீட்டர் சாலை பெரும்பாலும் ஏரிக்கரையை ஒட்டியே போகிறது. மின்சாரத்துக்காக இந்த ஏரியின் மட்டத்தை இருமுறை உயர்த்தியிருக்கிறார்கள். பழைய கரை தண்ணீருக்கு அடியில். சாலை முடிகிற இடத்தில் ஆவோராக்கி, ஆங்கிலேயர் வைத்த பெயரில் மவுண்ட் குக். இன்று 3,724 மீட்டர். முன்பு 3,764 என்று எழுதியிருந்தார்கள். 1991 டிசம்பரில் உச்சியில் ஒரு பகுதி இடிந்து சரிந்தது. பிறகு பனித்தொப்பியும் தேய்ந்தது.

அடிவாரத்தில் வைட் ஹார்ஸ் ஹில் முகாம். அந்தப் பள்ளத்தாக்கின் முதல் ஹெர்மிடேஜ் விடுதியை 1884-இல் இந்தக் குன்றுக்கருகில்தான் கட்டினார்கள். 1913-இல் மியூலர் பனியாற்றிலிருந்து வந்த வெள்ளம் அதை நாசமாக்கியது. புதிய விடுதியை வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்கள். சரளை மேடுகளும் உருண்டைக் கற்களுமாக இருந்த அந்த முகாமில் கொழுந்தன் வண்டியை விட்டு இறங்கி, கையில் ரசமட்டத்தோடு நிலம் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றிவந்தார். ஒரு ஜெர்மன் தம்பதி தங்கள் வண்டியின் சமையல் மேடையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழம் உருண்டால் வேறு இடம். அவர்கள் எங்களுக்கு முன்பே படுத்துவிட்டார்கள்.

அங்கே கேட்ட கதை ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. தென்தீவின் மாவோரி மக்களான நாய் தாஹு சொல்லும் கதை. வானத்தந்தையின் மகனான ஆவோராக்கி, தம்பிமாரோடு ஓடத்தில் வந்தான். திரும்பிப் போகும் மந்திரம் பிசகியதில் ஓடம் தட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேற்குப்பக்கம் உயர்ந்து, கிழக்குப்பக்கம் தாழ்ந்தது. அண்ணன் தம்பிகள் உயர்ந்த பக்கத்துக்கு ஏறிக்கொண்டார்கள். அங்கேயே உறைந்து கல்லானார்கள். அவர்கள்தான் மலைத்தொடர்; ஓடம்தான் தீவு. தென்தீவுக்கு அவர்கள் வழங்கும் பழைய பெயரே ஆவோராக்கியின் ஓடம் என்பதுதான். பிறகு டூ டே ரக்கிஃபானோவா என்பவர் வந்து, சிதைந்து கிடந்த ஓடத்தை மனிதர் குடியிருக்கத் தக்கதாகச் செதுக்கிச் சீராக்கினாராம்.

நிலவியலும் இதையேதான் சொல்கிறது. இரண்டு கண்டத்தட்டுகள் உரசும் ஆல்பைன் பிளவு, தீவின் மேற்கு ஓரத்தில் ஓடுகிறது. அதன் கிழக்குக் கரை மேலெழும்பி மலையாகிறது. அங்கிருந்து கடல்வரை எல்லாம் கிழக்கே வாட்டம். மந்திரம் பிசகினால் படகு சாயும் என்பதையும், சாய்ந்தால் எல்லாரும் உயர்ந்த பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள் என்பதையும் அறிந்தவர்கள் சொன்ன கதை. கொழுந்தன் கேட்டுவிட்டு, "அண்ணி, ரக்கிஃபானோவா பார்த்தது நம்ம வேலைதான்" என்றார்.

லிண்டிஸ் கணவாயில் பொன்னிறப் புல் போர்த்திய மலைகள், வனாக்காவில் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் அந்தப் பேர்பெற்ற ஒற்றை வில்லோ மரம், எல்லாம் ஜன்னல் வழியே போயின. ஹாஸ்ட் கணவாய் தாண்டியதும் உலகம் மாறியது. மேற்குக் கரை என்றால் மழை. ஹோக்கிடிக்காவில் ஆண்டு மழை 3 மீட்டரை நெருங்கும். மலையடி ஊர்களில் இன்னும் அதிகம். சரளை போய் ஈரமண், பெரணி, பாசி.

இங்கே சிக்கல் சாய்வு அல்ல, அமிழ்வு. ஊறிய புல்தரையில் ரேம்பை வைத்து ஏற்றினால் சக்கரம் மேலே போகாது, ரேம்ப் கீழே போகும். டுகாட்டோவுக்கு முன்சக்கர இழுவை. ஈரப்புல்லில் ரேம்ப் மேல் ஏற முயன்றால் சக்கரம் வழுக்கிச் சுற்றி இரண்டு குழி பறிக்கும். இழுக்கிற சக்கரம் புல்லில் தவிக்காமல் இருக்கும் திசையில் மெதுவாக ஏற்ற வேண்டும். ரேம்புக்கு அடியில் அகலமான பலகை போட்டு எடையைப் பரப்ப வேண்டும். சாயங்காலம் மட்டமாக இருந்த வண்டி விடியும்போது ஒரு மூலையில் இறங்கியிருக்கும், ராத்திரி மழை பெய்திருந்தால். இதையெல்லாம் அந்தி நேரத்தில் செய்வதில் ஒரு தண்டனை உண்டு. மேற்குக் கரையின் சேண்ட்ஃபிளை. கொசுவைவிடச் சின்னது, கடி பெரிது. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதுதான் கணுக்காலைத் தேடி வரும். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வர அரை விரல் பாக்கி என்றால், கேன்டர்பரியில் இன்னும் ஒருமுறை ஏற்றி இறக்குவோம். ஹாஸ்டில் "போதும் தம்பி, தலையணையை மாத்திப் போட்டுக்கலாம்" என்று நான்தான் முதலில் உள்ளே ஓடினேன்.

ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரில் நாங்கள் தங்கியது ஒரு இரவு. அந்தச் சிற்றூரின் நடுவிலேயே ஆல்பைன் பிளவு ஓடுகிறது. கடைசியாக அது முழு வேகத்தில் நகர்ந்தது 1717-இல். சராசரியாக 300 ஆண்டுக்கு ஒருமுறை நகரும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்த என் வீட்டுக்காரர் அன்று ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசவில்லை. ஊரை ஒட்டி ஓடும் வைஹோ ஆறு, மலையிலிருந்து கொண்டுவரும் சரளையைக் கடலுக்குத் தள்ளமுடியாமல் தன் படுகையிலேயே போட்டு, ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டிருக்கிறது. பாலத்தையும் கூடவே உயர்த்த வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில் ஒரே மழையில் அந்தப் பாலம் போயிற்று. மூன்று வாரத்துக்குள் ராணுவத்தின் உதவியோடு புதிதாகப் போட்டுவிட்டார்கள். இரும்புத் துண்டுகளைப் பூட்டிச் சேர்க்கும் பெய்லி பாலம். கழற்றலாம், பூட்டலாம், உயர்த்தலாம். கரையில் நின்று அதைப் பார்த்த கொழுந்தன், இந்த ஊருக்குக் கான்கிரீட் பாலம் கட்டினால்தான் முட்டாள்தனம் என்றார்.

ஆர்தர்ஸ் பாஸ் வழியாகக் கிழக்கே திரும்பினோம். பழைய சாலை கொண்டையூசி வளைவுகளோடு ஏறிய சரிவு ஓயாமல் சரிந்துகொண்டே இருந்ததால், 1999-இல் ஒட்டிரா பள்ளத்தாக்கின் மேல் 440 மீட்டர் நீளத்துக்கு உயர்பாலம் கட்டினார்கள். நகரும் கல்குவியலோடு சண்டை போடாமல் அதைத் தாண்டிப் போய்விடுவது என்ற முடிவு. மேலே வண்டி நிறுத்துமிடத்தில் கீயா கிளிகள். ரப்பர் என்றால் அவற்றுக்கு உயிர். ரேம்ப் போட்டு இறங்கி, குமிழியைப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் ஒன்று கூரையில், ஒன்று ஜன்னல் விளிம்பில், ஒன்று வைப்பரில்.

கிறைஸ்ட்சர்ச் நுழைந்ததும் வண்டியை ஒப்படைக்க நேரம் இருந்தது. டம்ப் ஸ்டேஷனில் கழிவுத் தொட்டியைத் திறக்கும்போது மட்டும், கொழுந்தன் ரேம்பை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போட்டு, வண்டியைக் குழாய்ப் பக்கம் சாய்த்தார். மட்டமாக நின்றால் தொட்டியின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அதை அடுத்தவருக்கு விட்டுப்போகக் கூடாது. பிறகு ஏவன் ஆற்றங்கரை வழியாக வண்டியை விட்டார். புல்வெளி, நடுநடுவே எலுமிச்சை, ஆப்பிள், கேமெலியா மரங்கள். பூங்கா என்று நினைத்தேன். வீடுகள் இருந்த இடம். 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். ஆற்றோரத்து மணலும் வண்டலும் குலுக்கலில் குழம்பாகி, வீடுகள் ஒரு பக்கமாக அமிழ்ந்தன. ஊரும் சுற்றுப்புறமும் சேர்த்து ஏறத்தாழ 8,000 வீடுகளை, நிலம் இனி தாங்காது என்று அரசாங்கமே எடுத்துக்கொண்டு அகற்றிவிட்டது. மரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

மிச்ச ஊரில் சாய்ந்த வீடுகளை நிமிர்த்துவதுதான் பல ஆண்டுகளுக்குக் கொழுந்தனின் வேலை. அடித்தளத்துக்குக் கீழே ஜாக்கி வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி, இடைவெளியில் சிமெண்டுக் குழம்பை அழுத்தி நிரப்புவது. எந்த வீட்டை நிமிர்த்த வேண்டும், எதை விடலாம் என்பதற்கு அரசு வழிகாட்டி உண்டு. தரையின் சரிவு 200-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. வீடு முழுக்கச் சேர்த்து மேடு பள்ள வித்தியாசம் 50 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 200-க்கு 1 என்றால் டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் ஃபிரிட்ஜ் பொறுத்துக்கொண்டதில் பத்தில் ஒரு பங்கு.

"அப்ப உன் வீடு எப்படிடா?" என்று கேட்டார் இவர்.

"வாடகை வீடுதானே அண்ணே. ஹால்ல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 40 மில்லிமீட்டர். 50-க்குள்ள இருக்கிறதால அப்படியே விட்டுட்டாங்க. பீரோவுக்கு மட்டும் ஒரு பக்கம் அட்டை மடிச்சு வெச்சிருக்கேன்."